ஒரு பக்கப் பிசிறு

எங்கள் வீட்டில் கார் ஷெட்டு உண்டு, கார் இருந்ததில்லை. இந்த மலையாள ஊரில், சாலை என்கிற கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் வீட்டைக் கட்டியவர் யாரோ காருக்கு ஆசைப்பட்டிருக்கிறார். நாங்கள் குடிவந்தபோது அதற்குள் விறகும் பழைய கதவுகளும் கிடந்தன. என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் சில மாதம் கழித்து அந்தக் கதவுகளை வெளியே எடுத்தார். இப்போது ஆறு வருடமாக அதில் ஒரு ஆகாய விமானத்தின் வால் இருக்கிறது.

சொன்னால் சிரிப்பார்கள் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. கோயிலில் பார்க்கிற பெண்கள், "உங்க வீட்டுல என்ன, எப்பவும் கிர்ருனு சத்தம்?" என்று கேட்பார்கள். "அவுக ஏதோ தகடு வேலை செய்யுதாக" என்பேன். அது பொய் இல்லை.

அவரும் அவருடைய பழைய ஆபீஸ் நண்பரும் சேர்ந்து, இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்றைக் கட்டுகிறார்கள். படமும் கணக்கும் வெளிநாட்டிலிருந்து வந்தவை. விமானத்தின் உடம்பும் இறக்கையும் நகரத்துக்கு வெளியே நண்பரின் ஷெட்டில் இருக்கின்றன. வாலும் அதன் இரண்டு பக்கத்துச் சின்னச் சிறகுகளும் மட்டும் எங்கள் வீட்டில். நண்பர் மலையாளி, விமானம் ஓட்டப் படித்தவர். எல்லாம் முடிந்தால் முதலில் ஏறிப் பறக்கப்போகிறவர் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து வேலையைப் பார்ப்பார், காப்பி குடிப்பார். நான் டம்ளரை வைத்துவிட்டு உள்ளே வந்துவிடுவேன். என்னைச் சேச்சி என்பார். ஒரு சிரிப்போடு நான் நிறுத்திக்கொள்வேன். ஆறு வருடத்தில் அவரிடம் ஒரு முழு வாக்கியம் பேசியிருப்பேனா என்பது சந்தேகம்.

வேலைக்குள் நான் எப்படி வந்தேன் என்றால், தகடு மெல்லியது. அலுமினியம்தான், ஆனால் அரை மில்லிமீட்டர் கனம். ஒரு ஆள் பிடித்து இன்னொரு ஆள் டிரில் போட்டால்தான் அது படபடவென்று அடிக்காமல் அடங்கும். முதல் நாள் என் வீட்டுக்காரர் தனியாகப் போட்டுப் பார்த்தார். டிரில் முனையில் இருக்கிற பிட்டு தகட்டைத் துளைத்து வெளியே வருகிற நேரத்தில் அதைக் கவ்விச் சுழற்றிவிட்டது. துளை வட்டமாக வராமல் மூன்று மூலையாக வந்தது. "ஏட்டி, இங்கே வா, பின்னாலே இந்தக் கட்டையை அமுக்கிப் பிடி" என்றார். அடுக்களையிலிருந்து அப்படியே ஈரக் கையோடு போனேன். "கையைத் தொடைச்சுட்டு வா. இது பிளேன்" என்றார்.

மரக்கட்டையைப் பின்னால் கொடுத்தால் பிட்டு கவ்வாது. முதலில் கூரான ஆணியால் ஒரு சின்னக் குழி தட்ட வேண்டும், இல்லாவிட்டால் பிட்டு தகட்டின் மேல் நடந்து கோடு கிழித்துவிடும். பிறகு மெல்லிய பிட்டால் ஒரு துளை, அதற்குப் பின்னால்தான் சரியான அளவு. வேகமாகச் சுற்ற வேண்டும், அழுத்தவே கூடாது. ஒரு துளை முடிந்ததும் அதில் ஒரு ஸ்பிரிங் பிடியை மாட்டுவார். விரல் நீளத்தில் வெள்ளி நிறத்தில் இருக்கும். தகடும் உள்ளே இருக்கிற விலாச் சட்டமும் விலகாமல் அது பிடித்துக்கொள்ளும். வரிசையாக மாட்டி முடித்தால் முள்ளம்பன்றி மாதிரி நிற்கும்.

துளை போட்ட இடத்தில் விளிம்பில் பிசிறு நிற்கும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அதை எடுக்காமல் ரிவெட்டு ஆணி அடித்தால் இரண்டு தகடும் ஒட்டி உட்காராது. பிசிறு எடுப்பது என் பங்குக்கு வந்தது. கொஞ்சம் பெரிய பிட்டு ஒன்றை மரப்பிடியில் செருகிக் கொடுத்திருந்தார். அதைத் துளையில் வைத்து விரலாலேயே ஒரு சுற்று, போதாவிட்டால் இன்னொரு அரைச் சுற்று. அதற்கு மேல் சுற்றினால் துளையின் ஓரம் கத்தி முனை மாதிரி ஆகிவிடும், பின்னால் அங்கிருந்துதான் விரிசல் விடும் என்று சொல்லியிருக்கிறார். சுற்றிவிட்டு விரல் நுனியால் தடவிப் பார்ப்பேன். அரிசியில் கல் பொறுக்கும்போது கண்ணைவிட விரல்தானே முதலில் கண்டுபிடிக்கும். இதுவும் அப்படித்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவர் படுத்துத் தூங்குவார். நான் ஷெட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, காலையில் அவர் போட்ட துளைகளை ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்வேன். இடப்பக்கத்துச் சிறகு முழுவதும் என் விரல் பட்டது. அவருடைய துளைகளை எனக்குத் தெரியும். சுற்றிலும் ஒரே அளவாக, மெல்லிசாக, மோதிரம் மாதிரிப் பிசிறு நிற்கும். ஒரு சுற்றில் போய்விடும்.

வலப்பக்கத்துச் சிறகில் மூன்றாவது வரிசை போட்ட அன்றுதான் விரல் தயங்கியது. பிசிறு ஒரு பக்கம் தடித்து நின்றது, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. பிறை மாதிரி. டிரில் நேராக நிற்காமல் சாய்ந்தால் அப்படித்தான் வரும். ஒன்றிரண்டு என்றால் விட்டிருப்பேன். அந்த வரிசையில் ஏழெட்டு இருந்தன. ஸ்பிரிங் பிடியைப் போட்டு ஆட்டினால் சிலதில் ஆடியது. துளை வட்டமாக இல்லை என்றால்தான் பிடி ஆடும்.

பிட்டு மழுங்கியிருக்கும் என்று நினைத்தேன். அப்படி நினைக்கத்தான் மனசு விரும்பியது. அவரிடம் சொன்னால், "உனக்கென்னட்டி தெரியும்" என்று சிரிப்பார். எனக்கும் அதை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. கறிகாய் வாங்கப் போன அன்று, பழைய பிட்டு ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு சாலைக் கடைத்தெருவில் ஒரு இரும்புக் கடைக்குப் போனேன். கடை வாசலில் ஆண்கள் நாலைந்து பேர் நின்றார்கள். அவர்கள் போகட்டும் என்று பக்கத்துப் பாத்திரக் கடையில் கொஞ்ச நேரம் கரண்டி பார்த்தேன். போகிற மாதிரித் தெரியவில்லை. கடைசியில் இரும்புக் கடைக்காரரே, "அம்மா, கரண்டியைத் தேய்ச்சது போதும், என்ன வேணும்?" என்று அங்கிருந்தே கூப்பிட்டுவிட்டார். அவர் நம் திருநெல்வேலிப் பக்கத்து ஆள், வயதானவர்.

கைக்குட்டையைப் பிரித்துக் காட்டினேன்.

"இதேமாதிரி வேணுமா? எதுல போடறதுக்கு, செவுத்துலயா, மரத்துலயா?"

"அலுமினியத் தகடு."

"எவ்வளவு கனம்?"

"அரை மில்லி."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இட்லிச் சட்டி செய்யுதீகளோ?"

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று எடுத்துக்கொண்டாரோ இல்லை என்று எடுத்துக்கொண்டாரோ, நல்லதாக நாலு பிட்டு பொறுக்கிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பழையவற்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புதியவற்றை வைத்தேன். அவர் கவனிக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் ஸ்டூலில் உட்கார்ந்து புதுத் துளைகளைத் தடவினேன். பிறை அப்படியே இருந்தது.

அதற்கடுத்த நாள் கட்டையைப் பிடிக்கும்போது முதல் தடவையாகத் தகட்டைப் பார்க்காமல் அவர் கையைப் பார்த்தேன். டிரிலைத் தூக்கும்வரை ஒன்றும் இல்லை. பிட்டைக் குழிக்கு நேரே கொண்டுபோகும்போது, அதன் நுனி எறும்பு மாதிரி அங்குமிங்கும் அலைந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, இன்னொரு கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, சட்டென்று வைத்து அமுக்கினார். அழுத்தவே கூடாது என்று எனக்குச் சொன்னவர். எத்தனை நாளாக இப்படிச் செய்கிறாரோ. பிறகுதான் எல்லாம் எனக்குப் பொருந்தி வந்தது. காப்பியை ஏன் அரை டம்ளர் போதும் என்கிறார், பேப்பரை ஏன் மேசையில் விரித்துப் படிக்கிறார். கையெழுத்துப் போட வேண்டியிருந்தால் பேனா எழுதவில்லை என்கிறார்.

என்ன செய்வது? நான் சொல்லாவிட்டால் அவருக்கு ஒரு குறையும் இல்லை. வேலை நடக்கும். வருகிற ஞாயிற்றுக்கிழமை நண்பர் வந்து வலப்பக்கத்தையும் பார்த்துவிட்டு ரிவெட்டு அடிக்கக் கொண்டுபோவார். அவர் அங்கங்கே நாலு துளை பார்ப்பார், அவ்வளவுதான். இத்தனை வருடத்தில் என் வீட்டுக்காரர் வேலையில் அவர் குறை கண்டதில்லை. ரிவெட்டு உட்கார்ந்துவிட்டால் அதன் தலைக்குக் கீழே துளை எப்படி இருந்தது என்று ஆண்டவனுக்கும் தெரியாது. அப்புறம் ஒரு நாள் அந்த மனிதர் அதில் ஏறி மேலே போவார். என் அடுக்களைக் காப்பியை ஆறு வருடமாகக் குடிக்கிற மனிதர்.

சொன்னாலோ, இவரிடமிருந்து டிரில் போய்விடும். ஓய்வு பெற்ற பிறகு முதல் சில மாதம் இவர் எப்படி இருந்தார் என்று எனக்குத் தெரியும். சட்டை போட்டுக்கொண்டு வாசல் வரை போய் நின்றுவிட்டுத் திரும்பி வருவார்.

வெள்ளிக்கிழமை போனது. சனிக்கிழமை மத்தியானம் அவர் படுத்ததும் ஷெட்டுக்குப் போனேன். கெட்ட துளைகளுக்குப் பக்கத்தில் அடையாளம் வைத்துவிடலாம், அவரே பார்த்துக்கொள்ளட்டும், என் வாயால் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன். ஆனால் எதால் வைப்பது? தகட்டில் பென்சில் படக் கூடாது, பென்சில் கோடு நாளடைவில் அலுமினியத்தை அரிக்கும் என்று முதல் வருடமே எச்சரித்திருக்கிறார். ஆணியால் கீறவும் கூடாது. அதற்கென்று இருக்கிற மைப்பேனாவை அவர் சட்டைப்பையிலேயே வைத்திருப்பார், தூங்கும்போதும்.

உள்ளே போய் அலமாரியிலிருந்து என் ஸ்டிக்கர் பொட்டு அட்டைகளை எடுத்துவந்தேன். ஒட்டினால் கீறாது, எடுத்தால் அடையாளம் இருக்காது. முதல் வரிசையிலிருந்து தொடங்கினேன். ஒவ்வொரு துளையையும் தடவி, பிடி போட்டு ஆட்டி, சந்தேகம் தீர்ந்த பிறகு ஒட்டினேன். கொஞ்சம் கோணல் என்றால் கடுகளவுப் பொட்டு, ரொம்பக் கோணல் என்றால் பெரிய பொட்டு. மெரூன் தீர்ந்துபோனது. பிறகு கறுப்பு. ஒட்டும்போது, திருட்டுத்தனம் செய்கிறவளைப் போல வாசலை வாசலைப் பார்த்துக்கொண்டேன். நாலு மணிக்கு எழுந்தால் அவர் நேரே ஷெட்டுக்குத்தான் போவார். நான் அடுக்களைக்கு வந்து, ஏற்கனவே கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவினேன்.

அவர் எழுந்து ஷெட்டுக்குப் போகிற செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு ஷெட்டிலிருந்தே குரல் வந்தது.

"ஏட்டி! இதென்ன, யாருக்குக் கல்யாணம்?"

போய் நின்றேன். முதலில் அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்தார் போல. ஆயுத பூஜைக்கு நான் டிரிலுக்குச் சந்தனம் வைத்து அவரிடம் ஏச்சு வாங்கியது உண்டு. பிறகு பொட்டுகள் எந்தெந்த இடத்தில் இருக்கின்றன என்று பார்த்தார். வரிசையாகக் கண் போனது. மூன்றாவது வரிசைக்கு வந்ததும் சிரிப்பு நின்றது.

"அஞ்சாங் கிளாஸோட நிறுத்தினவ, எனக்கு மார்க்குப் போடுதியோ?"

அந்த வார்த்தை எனக்கு வலித்தது. நாற்பது வருடத்தில் அவர் அதைச் சொன்னதில்லை. "தொட்டுப் பாருங்க" என்றது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அவர் தொடவில்லை. இரண்டு கையையும் வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டு நின்றார். அதைப் பார்க்க முடியாமல் நான் உள்ளே வந்துவிட்டேன்.

அன்று ராத்திரி சாப்பிட்டோம். தோசை போதுமா என்றால் தலையை ஆட்டினார். காலையில் அவர் குளித்துவிட்டு ஷெட்டுக்குப் போனதைப் பார்த்தேன். பொட்டுகளை உரித்துப் போடுவார், நண்பர் வருவதற்குள் சிறகு பழையபடி ஆகிவிடும், நான் ஒன்றும் பேச மாட்டேன் என்பது அவருக்குத் தெரியும் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு காப்பிக்குப் பால் காய்ச்சினேன். உரித்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. நண்பர் ஷெட்டுக்குள் நுழைந்ததும் அவர் குரல் அடுக்களை வரை வந்தது.

"எந்தா சாரே இது? சிறகுக்கு அம்மை போட்டுருச்சோ?"

பொட்டுகள் அப்படியே இருந்தன. நான் காப்பித் தட்டோடு வாசலில் நின்றுவிட்டேன். என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அது செக்கிங். அவ பண்ணினா."

"சேச்சியோ?"

"பெரிய பொட்டு இருக்கிறதை முதல்லே பாருங்க."

நண்பர் அதற்கு மேல் சிரிக்கவில்லை. பையிலிருந்து அளவுக் கம்பிகளையும் ஒரு பூதக்கண்ணாடியையும் எடுத்தார். துளையில் கம்பியை விட்டு, திருப்பி, டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே போனார். காப்பி ஆறி ஆடை கட்டியது. யாரும் தொடவில்லை. கடைசி வரிசை முடிந்ததும் முதுகை நிமிர்த்தினார்.

"பெரிய பொட்டு எல்லாம் போச்சு. சின்னதுல ரெண்டெண்ணம் சரியாக்கும். பாக்கி அதுவும் போச்சு." பிறகு பொட்டு இல்லாத ஒரு துளையைக் காட்டினார். "இங்கே கோடு இருக்கே. இதை விட்டுப்போச்சோ?"

அவர் என் வீட்டுக்காரரைத்தான் கேட்டார். ஆனால் பதில் என் வாயிலிருந்து வந்துவிட்டது. "அது பிட்டு நடந்தது. துளை வட்டம்தான்."

கம்பியை விட்டுப் பார்த்தார். "சரியாக்கும்" என்றார்.

நண்பர் நல்லவர், என் வீட்டுக்காரர் கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கம்பிகளைப் பைக்குள் போட்டுக்கொண்டே, "இந்தத் தகடு மாத்தணும் சாரே. புதுசு நான் கொண்டுபோய் என்டெ ஷெட்டுல போடுறேன். சாருக்கும் ஒரு ரெஸ்ட் ஆகுமல்லோ" என்றார்.

"ஆகட்டும்" என்றார் இவர். "கொண்டு போங்க. டிரிலையும் கொண்டு போங்க, எனக்கு எதுக்கு அது."

அதை அவர் ரொம்பச் சாதாரணமாகத்தான் சொன்னார். வாசல் வரை போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்த அந்த நாட்களின் முகம் எனக்குத் தெரிந்தது.

"கொண்டு போகாண்டாம்" என்றேன்.

இரண்டு பேரும் திரும்பினார்கள். காப்பித் தட்டைக் கீழே வைத்தேன். "நான் போடுதேன். அவுக பின்னாலே கட்டை பிடிக்கட்டும். எங்கே, எப்பிடினு அவுக சொல்லட்டும். எனக்குக் கை நிக்கும்."

கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம். சொன்ன பிறகுதான் உறைத்தது. ஆனால் அவர் என்னைப் பார்த்துக் கோபப்படவில்லை. நண்பரைப் பார்த்து, "இவ ஒண்ணை நினைச்சா விடமாட்டா. கல்யாணத்தன்னைக்கே எனக்குத் தெரியும்" என்றார்.

"அப்படியாணெங்கில் பழைய தகட்டுல நூறு ஓட்டை போட்டுக் காட்டணும் சேச்சி" என்றார் நண்பர். "மேலே போறது நானாக்கும். பொட்டு வைக்கப் போறதும் நான்தான், பார்த்துக்கோ." ஆறின காப்பியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, போனை எடுத்துச் சிறகைப் படம் பிடித்துக்கொண்டு போனார்.

நூறு போட எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. பார்ப்பதற்கும் செய்வதற்கும் எவ்வளவு தூரம்! முதல் நாள் என் வீட்டுக்காரர் தலைமுடியை இறுக்கிக் கட்டச் சொன்னார். புடவைத் தலைப்பைச் சுற்றிச் செருகச் சொன்னார், கண்ணாடி போடச் சொன்னார். நான் டிரிலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

"கும்பிட்டது போதும், சுவிட்சை அமுக்கு."

அமுக்கினேன். அது கையை விட்டுப் போகப் பார்த்தது. முதல் துளை எங்கோ போனது. இரண்டாவதைக் குழி தட்டாமல் போட்டுக் கோடு கிழித்தேன். மூன்றாவது மூன்று மூலையாக வந்தது. "இது சமோசா" என்றார். எனக்கு உயரம் போதவில்லை, கையைத் தூக்கிப் பிடித்தால் டிரில் சாய்ந்தது. ஒரு பலகையைக் கொண்டுவந்து என் காலடியில் போட்டார். போடும்போது அவர் கை ஆடியது, நான் பார்த்தேன், நான் பார்த்ததை அவரும் பார்த்தார். "பாத்தா பாரு. தகட்டை மட்டும் கெடுக்காதே" என்றார்.

ஒரு விஷயம் கவனித்தேன். கட்டையைத் தகட்டுக்குப் பின்னால் வைத்து உடம்போடு சேர்த்து அழுத்தி நின்றால் அவர் கை ஆடுவது நின்றுவிடும். நடுவில் தகடு. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். முகம் தெரியாது, குரல் மட்டும் வரும்.

"அழுத்துதே நீ."

"இல்லை."

"எனக்கு இங்கே தெரியுதுட்டி. அதுவா போகும், நீ சும்மா காட்டு. மூச்சை விட்டுட்டு ஆரம்பி... கேட்டியா, இப்பம் பாடுது. இதுதான் சத்தம். இதை விடாதே."

கூர்மையான பிட்டு நேராக நின்று சுற்றினால் தகடு ஒரு மாதிரி மெல்லிசாகப் பாடும். சாய்ந்தால் கரகரக்கும். அவர் அந்தப் பக்கம் நின்று காதாலேயே கண்டுபிடித்துவிடுவார். நாற்பதாவது துளைக்குப் பிறகு கரகரப்பு குறைந்தது. எண்பதுக்கு மேல் பிசிறு சுற்றிலும் ஒரே அளவாக நின்றது. நண்பர் வந்து கம்பி விட்டுப் பார்த்தார். பொட்டு வைக்கவில்லை. "சேச்சி போட்டா நான் பயமில்லாம ஏறும்" என்றார். அதற்கும் என்னால் ஒரு சிரிப்புத்தான் சிரிக்க முடிந்தது. பேச்செல்லாம் அந்த ஒரு நாளோடு தீர்ந்துவிட்டது போல.

புதுத் தகட்டில் முதல் வரிசை போட்டு முடித்த அன்று, கை கழுவிக்கொண்டே அவர், "நாளைக்கு டாக்டர்கிட்டே போவோமா?" என்றார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கிழக்கேகோட்டையில் பஸ் பிடித்துப் போனோம். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் எனக்குக் கொடுத்தார்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். மலையாளத்தில்தான் கேட்டாள். எத்தனை நாளாக இருக்கிறது, காப்பி குடிக்கும்போது கூடுமா, வீட்டில் வேறு யாருக்காவது இருந்ததா. எத்தனை நாள் என்ற கேள்விக்கு அவர் என் பக்கம் திரும்பினார். "அவகிட்டே கேளுங்க. எனக்கு முந்தி அவளுக்குத்தான் தெரியும்."

எனக்குத் தேதி சொல்லத் தெரியவில்லை. "இடப்பக்கத்துச் சிறகு முடியற வரைக்கும் ஒண்ணும் இல்லை. வலப்பக்கத்துலே மூணாவது வரிசையிலே இருந்து" என்றேன். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். இவர் சிரித்துக்கொண்டே விளக்கத் தொடங்கினார். சிறகு இவ்வளவு நீளம், தகடு இவ்வளவு கனம், துளைக்கும் துளைக்கும் இவ்வளவு தூரம் என்று கையைத் தூக்கி ஆகாயத்தில் காட்டினார். கை ஆடிக்கொண்டே இருந்தது. வேட்டிக்குள் ஒளித்துவைத்த கை, அந்நியப் பெண் ஒருத்திக்கு முன்னால் அப்படி ஆடியது. அவர் மறைக்கவில்லை.

டாக்டர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் தள்ளிவைத்தாள். நடுவில் தொடங்கிச் சுருள் மாதிரி, ஒன்றோடொன்று முட்டாமல், வெளியே வரை வரைந்துகொண்டே வர வேண்டும், கையை மேசையில் ஊன்றக் கூடாது. அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு வரைந்தார். நாலு சுற்று. கோடு முழுக்கப் பல் பல்லாக வந்தது, இரண்டு இடத்தில் முட்டியது.

டாக்டர் கையை நீட்டினாள். அவர் அவளிடம் கொடுக்கவில்லை. தாளைத் திருப்பி என் முன்னால் வைத்தார்.

"எப்பிடி இருக்கு?"

நான் விரலால் கோட்டின் மேல் மெதுவாகப் போய்ப் பார்த்தேன்.

"கோணல்தான்" என்றேன்.

"அப்பிடின்னா சரி" என்று சொல்லிவிட்டு டாக்டர் பக்கம் தாளை நகர்த்தினார்.